ஒரு ரிங் என்றால் வீடு, இரண்டு ரிங் என்றால் ஓ.டி.

நான் ஒரு காலத்தில் ஏ.ஐ.யாக வேலை பார்த்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் கம்பெனி பிரசன்டேஷனின் ஏழாவது ஸ்லைடில் அப்படித்தான் போட்டிருந்தது: செயற்கை நுண்ணறிவால் இயங்கும் ஷிப்ட் பஸ் ஏற்பாடு. அந்த நுண்ணறிவு ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், கோடு போட்ட நோட்டையும் ஒரு பட்டன் போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மத்தியானம் பசித்தால் கீழே போய் முட்டை பஃப்ஸ் வாங்கித் தின்றது.

அதற்கு முன்னால் நாலு வருஷம் செல்போன் அசெம்பிளி லைனில் நின்றவள் நான். வீடு வாலாஜாபாத். காலை ஷிப்ட் முடிந்தால் ரெண்டரை மணிக்குக் கம்பெனி பஸ். எந்த ஷிப்ட் பஸ்ஸிலும் ஒருத்தி இருப்பாள்: யார் ஏறியாச்சு, யார் ஓ.டி. என்கிற ஓவர்டைமுக்கு நின்றுவிட்டாள், யார் யாரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டாள் என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள். எங்கள் பஸ்ஸில் அது நான். யாரும் கொடுத்த பதவி இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் டிரைவர் அண்ணன் என்னைக் கேட்காமல் வண்டியை எடுக்க மாட்டார், அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டு என் சிநேகிதிக்கு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவள். யார் முதலில் ஏறினாலும் மற்றவளுக்குக் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்போம். அவளுடைய கர்ச்சீப் ஓரத்தில் பூ போட்டிருக்கும். அது கிடக்கிற சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் என் வாய்க்கு வேலை வந்துவிடும்.

ஓ.டி. இருந்தால் சூப்பர்வைசர் டீ பிரேக்குக்குக் கொஞ்சம் முன்னால்தான் சொல்வார். காலையிலேயே சொன்னால் மகராசனுக்கு மரியாதை குறைந்துவிடும் போல. அதனால் ரெண்டரை மணி பஸ்ஸில் எத்தனை பேர், ஆறரை மணி ஓ.டி. பஸ்ஸில் எத்தனை பேர் என்பது பஸ் கான்ட்ராக்டருக்குக் கடைசி வரை தெரியாது. ஒரு பஸ் பாதி காலியாகப் போகும், இன்னொன்றில் படியில் தொங்கிக்கொண்டு போவார்கள்.

இந்தக் கூத்தைச் சரிசெய்யப் போகிறோம் என்றுதான் இரண்டு தம்பிகள் சென்னையிலிருந்து வந்தார்கள். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, எங்களோடு ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்தார்கள். ஒருவன் பேசுகிறவன். இன்னொருவன் புரோகிராம் எழுதுகிறவன், கண்ணாடி போட்டவன், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பேசுகிறவன் டீக்கடையில் என்னைப் பிடித்து, "அக்கா, உங்க பெயின் பாயிண்ட் என்ன?" என்று கேட்டான். இடுப்பு என்றேன். எட்டு மணி நேரம் நின்றால் வேறு எங்கே வலிக்கும்? கண்ணாடிக்காரன் அதையும் லேப்டாப்பில் குறித்துக்கொண்டான். அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அந்த வருஷமே என் கான்ட்ராக்ட் முடிந்து லைனிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தம்பிகள் கூப்பிட்டார்கள். கம்பெனியின் மூன்றாவது ஆள் நான். மாடியில் ஒரே அறை, ஒரு வெள்ளை போர்டு, கரண்ட் போனால் கத்துகிற ஒரு யு.பி.எஸ். காலையில் பத்து மணிக்குக் கீழே ரொட்டி வேகும் வாசனை படியேறி வரும். இப்போதும் எங்காவது பேக்கரியைத் தாண்டிப் போனால் எனக்கு அந்த அறை ஞாபகம்தான் வரும். லைனில் என்னை நம்பர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. இங்கே என்னைக் கேட்காமல் போர்டில் ஒரு வரி எழுத மாட்டார்கள்.

முதலில் அவர்கள் ஒரு ஆப் செய்தார்கள். மேப் எல்லாம் போட்டு, கலர் கலராக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஓ.டி. என்றால் ஒரு பட்டனை அமுக்கு, வீடு என்றால் இன்னொன்று. ஒரு மாசம் ஆகியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பேசுகிறவன் போர்டு முன்னால் நின்றுகொண்டு யூசர் பிஹேவியர் அது இது என்று அலசினான். நான் பஃப்ஸைத் தின்று முடித்துவிட்டுச் சொன்னேன்: தம்பி, உள்ளே போகும்போதே போனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள். டீ பிரேக் பத்து நிமிஷம். அதில் டாய்லெட் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும், லாக்கருக்கு ஓடிப்போய்ப் போனை எடுக்க வேண்டும். நெட்டை ஆன் பண்ணி உன் மேப் வருவதற்குள் பெல் அடித்துவிடும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் லாக்கரில் இருக்கும் என்பது கூடத் தெரியாமல் ஆறு மாசம் ஆப் எழுதியிருக்கிறார்கள் பாவம்.

மிஸ்டு கால் என்னுடைய யோசனை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு நம்பர். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு ரிங் என்றால் ஓ.டி. காசு கிடையாது, நெட் வேண்டாம், பட்டன் போனிலிருந்தும் கொடுக்கலாம். நான் நம்பரைப் பார்த்து நோட்டில் குறித்து, கான்ட்ராக்டருக்கு எந்த ரூட்டில் எத்தனை பேர் என்று ஒன்றரை மணிக்குள் சொல்லிவிடுவேன். ஒரு வாரத்தில் வாலாஜாபாத் ரூட் முழுக்க ரிங் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு மாசத்தில் நாலு ரூட். கான்ட்ராக்டர் எங்கள் முதல் கஸ்டமர் ஆனார். அன்றைக்குக் கீழேயிருந்து பைனாப்பிள் கேக் வாங்கி வந்து என் கையில் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். என் பிறந்த நாளைக்குக் கூட நான் கேக் வெட்டியதில்லை.

அந்தத் தொழிலின் பாஷையை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கையில் இருக்கிற பணம் எத்தனை மாசம் தாங்கும் என்பதற்கு ரன்வே என்று பேர். போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றிச் சொன்னால் அதற்கு பிவட் என்று பேர். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பேர் உண்டு. சென்னையில் எந்தக் காற்று அடிக்கிறதோ அது இங்கே போர்டில் வந்து நிற்கும். முதலில் நாங்கள் ஆப் கம்பெனி. அப்புறம் பிளாட்ஃபார்ம் ஆனோம். முதலீடு போடுகிறவர்கள் எல்லாரும் ஏ.ஐ. எங்கே, ஏ.ஐ. எங்கே என்று கேட்க ஆரம்பித்ததும் ஒரு திங்கட்கிழமை காலையில் நான் ஏ.ஐ. ஆகிவிட்டேன். நாற்காலி மட்டும் மாறவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம்தான் பெங்களூரிலிருந்து அந்த முதலீட்டுக்காரர் வந்தார். நல்ல மனுஷன், குற்றம் சொல்லக்கூடாது. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் நோட்டைக் கையில் வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தமிழில், சிரித்துக்கொண்டே தம்பிகளிடம் கேட்டார்: "நாளைக்கு இவங்க லீவு போட்டா?"

ஒரு பாக்டரிக்கு ஓர் அக்கா என்றால் நூறு பாக்டரிக்கு நூறு அக்காவா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ரன்வே இன்னும் இரண்டு மாசம்தான் இருந்தது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு வாரம் இந்தக் கணக்கு நான் கை வைக்காமல் மெஷினிலேயே ஓட வேண்டும். ஓடினால் பணம் போடுவார். ஓடாவிட்டால் கம்பெனிக்கு வேறு வழியில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பேசுகிறவன், "அக்கா, உங்களுக்கு இங்க எப்பவும் இடம் இருக்கும்" என்றான். இதே வாக்கியத்தை லைனில் எச்.ஆர். மேடமும் சொன்னார்கள், அதற்கு அடுத்த வாரம்தான் என் ஐ.டி. கார்டைத் திருப்பி வாங்கினார்கள்.

மெஷினுக்கு நான் பாடம் நடத்த வேண்டும். மூன்று நாள் கண்ணாடிக்காரன் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்லத் தட்டினான். மாசத்தில் முதல் வெள்ளி சர்ச்சுக்குப் போகிற பெண்கள் அன்று ஓ.டி. எடுக்க மாட்டார்கள். ஆடி வெள்ளி என்றால் பாதி பேர் எடுக்க மாட்டார்கள். ரிங்கே வராத நம்பர் என்றால் லீவு என்று அர்த்தமில்லை, போனில் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். புதுசாகக் கல்யாணம் ஆனவள் முதல் மூன்று மாசம் ஓ.டி. எடுக்க மாட்டாள், அப்புறம் தினமும் எடுப்பாள். இதையும் அப்படியே தட்டிவிட்டு, பாதியில் நிறுத்தி, புரிந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மூன்று நாளும் என் வாழ்க்கையில் நல்ல நாள்கள். என் தலைக்குள் இருந்ததை ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியில் அவன் கேட்டான். "வேற ஏதாச்சும் இருக்காக்கா?"

இருந்தது. சில நாள் மெட்டீரியல் வராமல் எல்லா லைனும் ஒன்றாக நின்றுவிடும். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டீ பிரேக் விட்டுவிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் டவர் திணறும். அப்போது ரிங் எங்களுக்கு வந்துவிடும், கொடுத்தவள் காதில் மட்டும் ஒன்றும் கேட்காது. போகவில்லை என்று நினைத்து ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை கொடுப்பாள். ஆக, வீட்டுக்குப் போகிறவளுக்கும் இரண்டு ரிங். நிஜ ஓ.டி. இரண்டும் ஒட்டி வரும், இது விட்டு வரும். எனக்குக் கேட்டதுமே தெரிந்துவிடும். மெஷினுக்குச் சொன்னால்தான் தெரியும்.

"இல்ல தம்பி, அவ்ளோதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், வயிற்றெரிச்சல். வேறென்ன? என்னிடமிருந்து எல்லாவற்றையும் பிழிந்து எடுத்துக்கொண்டு சக்கையைத் தூக்கிப் போடுவார்கள் என்ற பயம். ஒன்றே ஒன்று என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். என்றைக்காவது ஒரு நாள் மெஷின் உளறும், அக்காவைக் கூப்பிடுங்கள் என்பார்கள், நான் போய் நிற்பேன். இவ்வளவுதான் என் திட்டம்.

அந்த வாரம் நான் ஆபீஸ் பக்கமே வரக்கூடாது என்பது நிபந்தனை. திங்கள் ஓடியது, செவ்வாய் ஓடியது, புதனும் ஓடியது. வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், கை கீரையில், காது போனில். வியாழக்கிழமை சாயங்காலம் சிநேகிதி வந்தாள். அவள் இன்னும் அதே லைனில்தான் இருந்தாள். உட்காரக்கூட இல்லை, வாசலிலேயே நின்று சந்தோஷத்தில் மூச்சு விடாமல் பேசினாள்.

"நாளைக்கு பாப்பா ஸ்கூல்ல ஆண்டு விழா கீதுடி. ஒண்ணாங்கிளாஸ் டான்ஸ்ல அவதான் முன்னாடி நிக்கிறா. நாலு மணிக்குப் போயிடணும். நம்ம பஸ்ஸுதான் மூணரைக்கெல்லாம் இங்க வந்துடுதே, தோதா போயிடும்."

பாப்பாவுக்கு என்ன டிரெஸ் என்று கேட்டேன். பச்சைப் பாவாடை, வாடகைக்கு எடுத்தது, இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன் என்றாள். நானும் சிரித்து, திருஷ்டி சுற்றிப் போடு என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பாக்டரிக்கு மெட்டீரியல் லாரி வரவில்லை. எல்லா லைனும் நின்றது. எல்லாருக்கும் ஒன்றாக டீ பிரேக். வாலாஜாபாத் ரூட்டில் ஏறக்குறைய எல்லாரும் இரண்டு தடவை ரிங் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் அத்தனை பேரையும் ஓ.டி.யில் போட்டது. மிச்சம் இருந்த நாலைந்து பேரை வேனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டர் அந்த பஸ்ஸை வடக்குப்பட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார். ரெண்டரை மணிக்குப் பெண்கள் வெளியே வந்தால் கேட்டில் பஸ் இல்லை. நல்ல வெயில். பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஏற்பாட்டை நம்பி யாரும் நகரவில்லை. பத்து நிமிஷம் பத்து நிமிஷமாக ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள்.

எனக்கு மூன்று மணிக்கே பேசுகிறவன் போன் செய்துவிட்டான். குரல் உடைந்திருந்தது, அக்கா வர முடியுமா என்றான். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முகம் கழுவி, பவுடர் போட்டு, இருப்பதில் நல்ல சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். படியேறும்போது ராணி மாதிரிதான் ஏறினேன். பாப்பாவின் டான்ஸ் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.

ஆபீஸில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூர்க்காரருக்கு விஷயம் போய்விட்டது, அவரும் நாசூக்காக வாபஸ் வாங்கிவிட்டார். கண்ணாடிக்காரன் நிமிர்ந்து, "நாமதான் எதையோ விட்டுட்டோம்க்கா. எல்லாம் சொன்னீங்கதானே?" என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் மேல்தான் தப்பு என்ற முகத்தோடு கேட்டான். சொன்னேனே தம்பி என்றேன். ராணி வேஷம் அங்கேயே கலைந்துவிட்டது.

ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கும் நேரத்தில் சிநேகிதி கூப்பிட்டாள். அவள் ஸ்கூலுக்குப் போய்ச் சேரும்போது அஞ்சு மணி. டான்ஸ் முடிந்து, பிள்ளைகள் பாவாடையோடு வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்களாம்.

"அம்மா பாத்தியான்னு கேட்டாடி. பின்னாடி நின்னு பாத்தேன்னு சொல்லிட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "நீ மட்டும் சீட்ல இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றாள்.

அவள் என்னைப் புகழ்ந்தாள். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான், ஊர் முழுக்க அதைத்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது, என்னால் எழுந்து அணைக்கக்கூட முடியவில்லை.

இரண்டு மாசத்தில் மாடியைக் காலி செய்தோம். தம்பிகள் சென்னைக்கே போய், ஆபீஸ்களுக்கு அட்டெண்டன்ஸ் பார்க்கிற வேறு ஏதோ ஆரம்பித்தார்கள். அதுவும் பிவட்தான். போகும்போது அந்தப் பட்டன் போனை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். நான் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் வண்டிகளுக்கு ஆள் போடுகிறேன். சம்பளம் அங்கே வாங்கியதை விட அதிகம். ஆனால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேற ஏதாச்சும் இருக்காக்கா என்று கேட்க யாரும் இல்லை.

போன மாசம் மறுபடி ஸ்கூல் ஆண்டு விழா. பாப்பா இப்போது அஞ்சாங்கிளாஸ். சிநேகிதி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள், நாலு மணி விழாவுக்கு ரெண்டு மணிக்கே. வருஷா வருஷம் அப்படித்தானாம், அன்றைக்கு லீவும் போட்டுவிடுவாளாம். ஷாமியானாவுக்குக் கீழே காலி நாற்காலிகள், மேடையில் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள், மொத்த மைதானத்திலும் நாங்கள் இரண்டு பேர்தான். அத்தனை காலி நாற்காலிகளைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். டவர், இரண்டு ரிங், கண்ணாடிக்காரன் கேட்டது, நான் மறைத்தது, எல்லாவற்றையும்.

அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்த்தபடியே சொன்னாள்.

"அவங்ககிட்ட சொல்லாம விட்ட, சரி. உன் பொழப்பு அது. அதுக்கு முந்தின நாளு உன் வூட்டு வாசல்ல வந்து நின்னேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னா? நாளைக்கு பஸ்ஸ நம்பாதடின்னு. நான் ஷேர் ஆட்டோ புடிச்சி வந்திருப்பேன்ல."

இத்தனை வருஷமாக அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கலாமா கூடாதா என்றுதான் நான் எனக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். இவளிடம் சொல்லியிருக்கலாம் என்பது ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து கேட்டு வரை போனேன். கடையில் பாட்டிலை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஒரு நாற்காலி காலி இல்லை. என் இடம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவள் பக்கத்து நாற்காலியில் ஓரத்தில் பூ போட்ட கர்ச்சீப் கிடந்தது.

அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாப்பா எப்போது வருவாள் என்று கேட்டேன்.

"ஆறாவது" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "பேசாம பாரு."